கோடையில் அளந்த காணி

அப்பன்,

உன்னை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன். நீ வளர்ந்து ஆளான பிறகு, நாலு பேருக்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கூச்சமாக இருக்கும். இன்றைக்கு உனக்கு நாலு வயது. ஆனால் இந்தக் கடிதம் அந்த நாலு வயதுக்காரனுக்கு இல்லை. அவனுக்கு நான் சொல்வதெல்லாம் "செருப்பைப் போடு", "கையைக் கழுவு", "உதை வாய்க்கை வையாதை" என்பதோடு முடிந்துவிடுகிறது. அவன் அதையும் கேட்பதில்லை. நான் எழுதுவது இருபத்து நாலு வயதுக்காரனுக்கு. இன்னும் வந்து சேராத ஆட்களுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று யோசிப்பதுதான் என் தொழில். அதனால் இன்னும் வந்து சேராத உனக்கு எழுதுவது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை.

சுன்னாகத்துக்கு அப்பால், தோட்டக் காணிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு கல்லூரியில், கட்டடங்களையும் வளாகத்தையும் பார்க்கிற பகுதியில் நான் வேலை செய்கிறேன். ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் வந்து தொழில் படிக்கிற இடம் அது. தூரத்தில் இருந்து வருகிற பெண் பிள்ளைகளுக்கு உள்ளேயே விடுதி இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் விடுதிக்கு ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அடுத்த இருபது வருடங்களில் இந்த வளாகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு திட்டமும் வரைபடமும் செய்து தரும்படி அதிபர் கேட்டார். அதைப் பற்றிக் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரையும் கேட்டார்கள். திட்டம் நேரத்துக்கு முடிந்தது. கட்டுரை பிந்திவிட்டது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அது உனக்குச் சொல்வது போலத்தான் வந்தது. மலர்க்குழு கோபிக்காவிட்டால் இதையே அவர்கள் போடட்டும்.

திட்டம் போடப் புறப்பட்டபோது நான் முதலில் செய்த வேலை, ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தது. கல்லூரிக்கு என்ன குறை என்று யாரைக் கேட்டாலும் "கட்டடம் காணாது, இன்னும் வேணும்" என்பார்கள். திறந்து பார்த்தால், மேல்மாடி வகுப்பறை ஒன்றில் உடைந்த கதிரைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. பூட்டிக் கிடந்த ஒரு ஆய்வுகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். விசா வந்தால் பாதிப் படிப்பில் போய்விடுகிறார்கள். இருக்கிற கட்டடம் காணும். காணாதது தண்ணீரும் நிழலும், மழைத்தண்ணீர் ஓட ஒரு வடிகாலும், சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்வும், ஒழுங்காகப் பூட்டக்கூடிய கதவுள்ள மலசலகூடங்களும்தான். ஆனால் எங்கள் ஊரில் கல்லூரிகளுக்குக் கட்டடம் வருகிற வழி வேறு. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் தங்கள் அம்மாவின், அப்பாவின் ஞாபகமாகக் கட்டித் தருகிறார்கள். வாசலில் கறுப்புக் கல்லில் பெயர் இருக்கும். அவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் தகரக் கொட்டகைக்குள்தான் இருந்திருப்போம், அதை மறக்கக் கூடாது. ஆனால் வடிகாலுக்கு யார் பெயர் வைப்பார்கள்? "அம்மாவின்ரை பேரைக் கக்கூசிலை போடச் சொல்லுறீரோ பிள்ளை?" என்று ஒருவர் தொலைபேசியில் என்னைக் கேட்டார்.

வரைபடத்தை நான் கீறியது கோடையில். கட்டடங்களுக்கு ஒரு நிறம், மரங்களுக்கு ஒரு நிறம், விளையாட்டுத் திடலுக்கு ஒரு நிறம் என்று போட்டுக்கொண்டு வந்தபோது, விடுதிக்குப் பின்னால், கிணற்றுக்கு மேற்கே, ஒரு துண்டுக் காணி மிஞ்சியது. சற்றுப் பள்ளமான காணி. மரம் இல்லை, கட்டடம் இல்லை, புல்கூடக் கருகிப்போய்க் கிடந்தது. அதை வெள்ளையாக விட்டு 'எதிர்காலத் தேவைக்கு' என்று எழுதினேன். அந்த வெள்ளைத் துண்டைத்தான் ஆவணியில் லண்டனில் இருந்து வந்த ஐயா விரலால் தொட்டார்.

அவர் எங்கள் பழைய மாணவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற காலத்தில் கல்லூரிக்கும் ஒருக்கால் வந்து போவார். இம்முறை, காலமாகிப்போன தன் அம்மாவின் பெயரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று கட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அதிபரும் அவரும் நானும் அந்தக் காணிக்குள் போய் நாடா பிடித்து அளந்தோம். நல்ல வெயில். ஐயா சப்பாத்துக் காலால் நிலத்தை ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரிக் கிடக்கு. அத்திவாரத்துக்குப் பெரிய வேலை இராது."

"ஓம் அண்ணை, நல்ல இறுக்கம்," என்றார் அதிபர்.

"மூண்டாம் மாடியிலை அம்மாவின்ரை பேர். றோட்டாலை போற ஆக்களுக்குத் தெரிய வேணும். நான் போக முன்னம் அடிக்கல்லை வைச்சிடுவம், ஐயரிட்டை நாளும் கேட்டாச்சு."

அதிபர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உம்மடை பிளானிலையும் இது எதிர்காலத் தேவைக்கு எண்டுதானே கிடக்கு?"

"ஓம் சேர்," என்றேன்.

அடிக்கல் விழாவுக்குப் பதாகை அடிக்க வேண்டியிருந்தது. சுன்னாகத்தில் பதாகை அடிக்கிற கடைக்காரர் ஐயாவின் அம்மாவின் படமும் காணியின் படமும் அன்றிரவே வேண்டும் என்றார். உன் அப்பா ரியூசனில் கணக்குப் படிப்பிக்கிறவர். கைபேசியில் எடுத்த படம் ஒன்றையும் அழிக்காதவர். அவரிடம் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, எங்கடை விடுதிக்குப் பின்பக்கம் எடுத்த படம் ஏதும் உங்களிட்டைக் கிடக்கோ?"

"ஒண்டு கிடக்கு. காட்டினா நீர் திருப்பியும் சண்டைக்கு வருவீர்."

"சும்மா காட்டுங்கோ."

படத்தில் நீ நின்றாய். முழங்கால் வரை தண்ணீர். ஒரு கையில் ஜாம் போத்தல், வாய் நிறையச் சிரிப்பு. உனக்குப் பின்னால் காணி முழுக்கத் தண்ணீர் பரந்து கிடந்தது. அதன் மேல் மழைத்துளி விழுந்த வட்டங்கள்.

"இது வேறை எங்கையோ," என்றேன்.

"உமக்கென்ன விசரே? உந்த மதிலையும் நீலத் தண்ணித் தாங்கியையும் பாரும். உங்கடை விடுதிதானே. போன கார்த்திகை. நீர் என்னோடை ஒரு கிழமை கதையாமல் திரிஞ்சீரெல்லோ, அந்தப் படம்."

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மழைக்கு முன்பள்ளியைப் பூட்டியதால் உன்னை அலுவலகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். நான் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நீ நழுவிவிட்டாய். உன்னைக் கூட்டிப்போக வந்த அப்பாதான் முதலில் கண்டார். கண்டவர் உன்னைத் தூக்காமல் நின்று படம் எடுத்தார். போத்தலுக்குள் வாற்பேத்தைகள், வாலோடு நீந்துகிற தவளைக் குஞ்சுகள். நான் ஓடிப்போய்ச் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி, உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து, உன் கால் விரல் ஒவ்வொன்றையும் விரித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த மாரியில் எல்லோரும், வெள்ளத்தில் இருந்து கீறல் வழியாக உடம்புக்குள் ஏறும் எலிக்காய்ச்சலுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து மருந்து கலந்த தண்ணீரில் உன் காலைக் கழுவினேன். அப்பாவை வாய்க்கு வந்தபடி பேசினேன். பிறகு பல நாள் உன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை. என் தலைக்குள் அந்த நாள், உனக்கு எலிக்காய்ச்சல் வரவிருந்த நாளாகத்தான் பதிந்தது. அந்தக் காணிக்குள், அந்தத் தண்ணீருக்குள் நானே இறங்கி நின்றிருக்கிறேன். அது எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நான் பார்த்தது உன் கால் விரல்களை மட்டும். அந்தக் கோடையில் வரைபடம் கீறும்போது அந்தத் தண்ணீர் என் ஞாபகத்தில் ஒரு துளியும் இருக்கவில்லை.

இதை நீ எங்கே இருந்து வாசிப்பாயோ தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது. மாரியில் விழுகிற மழைதான் வருடம் முழுவதற்கும். அது பள்ளங்களில் நின்று, மெல்ல மெல்ல இறங்கி, கீழே சுண்ணக்கல்லின் இடுக்குகளுக்குள் போய்த் தங்குகிறது. அதற்கும் கீழே கடலின் உப்புத் தண்ணீர். மேலே நல்ல தண்ணீர் குறைந்தால், கீழே இருப்பது ஏறி வரும். விடுதிக் கிணற்றுக்குத் தண்ணீர் தருவது அந்தப் பள்ளம். அதை மண் போட்டு நிரவி மூன்று மாடி கட்டினால், கிணறு உப்பேறிச் சவராகப் போகும். கட்டடத்தின் மலக்குழியும் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் வர வேண்டியிருக்கும். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனால் என்ன பாடு என்று, கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தைக் கண்ட இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனாலும் இந்தப் பிழையை நாங்கள்தான் திரும்பத் திரும்ப விடுகிறோம். கட்டித் தருகிறவர்கள் எல்லோரும் ஆவணியில் வருகிறார்கள். ஆவணியில் காணி பார்க்கிறோம், ஆவணியில் அளக்கிறோம், ஆவணியில் அடிக்கல் வைக்கிறோம். மழை வருகிறபோது அவர்கள் திரும்பிப் போய்விட்டிருப்பார்கள். நாங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலையோடு நடந்துகொண்டிருப்போம்.

அடுத்த நாள் காலை அதிபரிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர். அந்தக் கட்டடத்துக்காகப் பல வருடம் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தவர்.

"மாரியிலை எங்கைதான் வெள்ளம் நிக்கேல்லை? என்ரை வீட்டு முத்தத்திலையும் நிக்குது."

"உங்கடை முத்தத்துக்குப் பக்கத்திலை விடுதிக் கிணறு இல்லைத்தானே சேர்."

"பிளான் கீறினது நீர். எதிர்காலத் தேவை எண்டு எழுதினது நீர். நாளும் வைச்ச பிறகு வந்து நிக்கிறீர்."

"ஓம் சேர். பிழை என்ரைதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உந்தக் கட்டடம் போச்செண்டா, உம்மடை ஒப்பந்தத்துக்கு நான் என்னெண்டு சிபாரிசு எழுதுறது? கட்டட வேலை இல்லாமல் ஆள் ஏனெண்டெல்லோ மேலை கேப்பினம்." அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணைக்கு நான் சொல்லமாட்டன். நீரே சொல்லும்."

ஐயா பின்னேரம் வந்தார். அம்மாவின் பெயர் வெட்டிய கல் அவருடைய வாகனத்திலேயே இருந்தது, பேப்பரில் சுற்றி. காணிக்குள் வைத்தே அவருக்குச் சொன்னேன். அவர் மறுபடியும் நிலத்தை மிதித்தார்.

"இதுக்கையோ வெள்ளம்? மண்வெட்டி போட்டா மண்வெட்டி முறியும், தங்கச்சி."

கைபேசியைக் கொடுத்தேன். வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஆர் உவன்?"

"என்ரை மகன்."

"நல்ல குழப்படிக்காரன் போல." கொஞ்ச நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "சரி, மண்ணைப் போட்டு உயர்த்துவம். காசு நான்தானே தாறன்."

"உயர்த்தினாக் கட்டடத்துக்கு ஒண்டும் நடக்காது ஐயா. கிணறுதான் போயிடும். நூலகத்துக்குப் பக்கத்திலை அந்தப் பழைய தகரக் கொட்டகையைக் கழட்டினா அங்கை கட்டலாம். சின்னனாத்தான் வரும்."

"அது உள்ளுக்கை. றோட்டுக்குத் தெரியாது." அவருக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. குரல் உயரவில்லை, ஆனால் தங்கச்சி என்ற சொல் போய்விட்டது. "நான் ஒண்டு கேக்கிறன், மறையாமல் சொல்லும். இருபது வருசத்துக்கு நீர் பிளான் போடுறீர். இருபது வருசத்தாலை இந்தக் கல்லூரியிலை ஆர் இருப்பினம்? உம்மடை மகன் இஞ்சை படிப்பானோ?"

அப்பன், அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. உன் அப்பாவின் சகோதரி, உன் மாமி, கனடாவில் இருக்கிறார். அவர் கிழமைக்கு ஒருக்கால் தொலைபேசி எடுத்து, "பெடியன்ரை படிப்பைப் பாருங்கோ, இன்னும் எத்தினை வருசம் யோசிக்கப் போறியள்?" என்று கேட்கிறார். நானும் உன் அப்பாவும் அதைப் பற்றிக் கதைக்கிறோம், பிறகு கதைக்காமல் விடுகிறோம். உனக்காக நான் வைத்திருக்கும் திட்டங்கள் கல்லூரித் திட்டத்தை விடத் தடிப்பானவை: எந்தப் பள்ளிக்கூடம், எந்த வயதில் கண்ணாடி தேவைப்படலாம், எந்த நாட்டில் எந்தக் குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது. அவற்றில் வெள்ளையாக விட்ட ஒரு துண்டும் இல்லை.

"தெரியாது ஐயா," என்றேன். "அவன் இருப்பானோ தெரியாது. ஆனா ஆரோ ஒரு பிள்ளை விடுதியிலை இருக்கும். அது தண்ணி குடிக்கும்."

அவர் கைபேசியை என்னிடம் தந்துவிட்டு வாகனத்துக்குப் போனார். குறித்த நாளில் அடிக்கல் வைக்கப்படவில்லை. அவர் லண்டனுக்குத் திரும்பினார். பெயர் வெட்டிய கல்லை அலுவலகச் சுவரோடு சாத்திவைத்துவிட்டுப் போனார். அதைப் பார்க்கிற ஒவ்வொருவரும், வராமல் போன கட்டடத்தை நினைத்து என்னையும் பார்த்தார்கள். நான் வரைபடத்தைத் திருத்தினேன். வெள்ளைத் துண்டுக்கு நீல நிறம் போட்டு, 'மாரியில் தண்ணீர் நிற்கும் இடம். கட்ட வேண்டாம்' என்று எழுதினேன். அதிபர் அதில் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, "உம்மடை ஒப்பந்தத்தைத் தைக்குப் பிறகு பாப்பம்," என்றார்.

பிறகு கார்த்திகை வந்தது. விடாத மழை. ஒரு நாள் அதிபர் தன் கைபேசியை நீட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். திரையில் ஐயா, கழுத்தில் கம்பளிச் சால்வையோடு.

"பிள்ளை, அந்தக் காணியை ஒருக்காக் காட்டும்," என்றார் ஐயா.

குடையைப் பிடித்துக்கொண்டு விடுதிக்குப் பின்னால் போய்த் தண்ணீருக்கு நேரே கைபேசியைப் பிடித்தேன். மதில் அடியில் இருந்து கிணற்றுப் பக்கம் வரை ஒரே தண்ணீர். திரையில் ஐயா காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"உது தவளைச் சத்தமோ?"

"ஓம் ஐயா."

"கொஞ்சம் கிட்டப் பிடியும்." பிடித்தேன். "நான் இந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம் தெரியுமோ. நாங்கள் எப்பவும் ஓகஸ்டிலைதானே வாறது. முந்திப் பிள்ளையளின்ரை லீவு, இப்பப் பேரப்பிள்ளையளின்ரை லீவு. போன பிறகு நான் ஒரு மாரி பாக்கேல்லை." பிறகு கேட்டார்: "அந்தத் தகரக் கொட்டகையடியிலை எத்தினை மாடி வரும்?"

"ஒண்டுதான் ஐயா. கூரைத் தண்ணி ஓடி வந்து இதுக்கை விழுற மாதிரிச் செய்யலாம்."

"பேர் றோட்டுக்குத் தெரியுமோ?"

"தெரியாது ஐயா."

"நீர் ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லமாட்டீர் போல," என்று சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. என் ஒப்பந்தமும் இன்னும் வரவில்லை. கல் அதே சுவரோடுதான் சாய்ந்திருக்கிறது. அதற்கு மேல் யாரோ தங்கள் ஈரக் குடையை விரித்துக் காய வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. ஒரு காணி வாங்கினாலும், ஒரு வீட்டில் குடியேறினாலும், ஒருவரோடு வாழ்க்கையைச் சேர்த்துக்கொள்ள நினைத்தாலும், கோடையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதே. ஒரு மாரியும் பார். பயம் வருகிறபோது எதற்குப் பயப்படுகிறாயோ அதை மட்டும்தான் கண் பார்க்கும். அது என்னிடம் இருந்து உனக்கு வந்திருக்கக் கூடிய நோய், கவனமாக இரு. உனக்கான என் திட்டங்களிலும் ஒரு துண்டை இப்போது நான் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். மாமி எடுத்தால், "அவன் வளரட்டும் மச்சாள்," என்கிறேன். இது எத்தனை நாளுக்கு என்னால் ஏலும் என்று தெரியாது.

நீ எங்கே இருப்பாய் என்பதும் எனக்குத் தெரியாது. தூரத்தில் இருந்தால், உனக்கும் லீவு ஆவணியில்தான் கிடைக்கும். விமானமும் திருவிழாவும் வெயிலுமாக எல்லோரோடும் சேர்ந்து வருவாய். ஒருக்கால் மட்டும் அப்படி வராமல், லீவு கேட்டு, சண்டை பிடித்தாவது, கார்த்திகையில் வா. சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, விடுதிக்குப் பின்னால் அந்தக் காணிக்குள் இறங்கி நில். அங்கே தண்ணீர் இருந்தால் என் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். நான் கரையில் குடையோடு நிற்பேன். இந்த முறை உன் காலைப் பார்க்கமாட்டேன் என்று எழுத ஆசைதான். பார்ப்பேன். ஆனால் அதற்கு முதல், தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்ப்பேன்.

அம்மா